வண்டிகளை எரித்த தளபதி

காரன்வாலிஸ் பிரபு என்றவுடன் நம்முடைய உள்ளத்தில் எழுவது ஒரே காட்சிதான். 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையிலிருந்து யானைமீது வந்திறங்கிய திப்பு சுல்தானின் இரு பாலகர்களை அவர் பிணையாக ஏற்றுக்கொண்ட காட்சி அது. ஆனால், அந்நாளுக்கு அவரைப் பக்குவப்படுத்தியது அமெரிக்க மண்ணில் அவர் பட்ட அடி என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

1780 ஆகஸ்டில் காம்டன் என்னுமிடத்தில் அமெரிக்க விடுதலைப் படையைச் சிதறடித்த காரன்வாலிஸ், தென் பகுதி முழுவதும் தமக்கே என்று நம்பினார். அடுத்த ஜனவரியில் கௌபென்ஸ் போரில் அவருடைய விரைவுப்படை அழிந்தது. சினங்கொண்ட அவர், எதிரியை விரட்டிப் பிடிப்பதற்குப் பாரம் தடையென்று கருதி, வண்டிகளையும் கூடாரங்களையும் தம் சொந்த உடைமைகளையும் தீயிலிட்டார். அமெரிக்கத் தளபதி கிரீனோ பின்வாங்கிப் பின்வாங்கி அவரை வெகுதூரம் இழுத்துச் சென்று, டான் ஆற்றைப் படகுகளில் கடந்துவிட்டார். துரத்தி வந்தவர் படகின்றி இக்கரையில் நின்றார்.

மார்ச் 15ஆம் நாள் கில்ஃபோர்டில் இரு படைகளும் மோதின. களம் காரன்வாலிஸுக்குக் கிடைத்தது. ஆனால் இரண்டாயிரத்துக்கும் குறைவான அவருடைய வீரர்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அன்றிரவு கொட்டிய மழையில் காயம்பட்டோருக்குக் கூடாரமில்லை, உண்ண உணவுமில்லை. எரித்த வண்டிகளின் விலை அது! பின்னர் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பற்படை கடல்வழியை அடைக்க, 1781 அக்டோபர் 19இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் சரணடைந்தார். உடல்நலமில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தம் துணைத்தளபதியை அனுப்பினார். அந்த நோயை நம்பியவர் சிலரே.

1786இல் அவரே கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோது, வழியிலிருந்த தீவனத்தையும் தானியத்தையும் சுல்தான் முன்னதாகவே அழித்திருந்தார். இழுவை மாடுகள் மடிந்தன, மழையும் சேர்ந்தது. தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டு அவர் பின்வாங்கினார். மீண்டும் ஒரு கரோலினா!

ஆயினும் இம்முறை அவர் சினத்தால் அறிவிழக்கவில்லை. பெங்களூரில் காத்திருந்தார்; வழியிலிருந்த மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்; பஞ்சாரா வணிகர்களின் பொதிமாடுகள் அரிசி சுமந்து வர ஏற்பாடு செய்தார். மராட்டியரும் ஹைதராபாத் நிஜாமும் அவர் பக்கம் நின்றனர். வாஷிங்டனுக்குத் துணைவந்த பிரான்ஸ், தன் நாட்டுப் புரட்சியில் சிக்கி, சுல்தானுக்குக் கைகொடுக்கவில்லை. அந்நியர் வராததைவிட, நிஜாம் எதிர்ப்பக்கம் நின்றதே நம் நெஞ்சை இன்றும் அறுக்கிறது.

பாதி ராஜ்யமும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் உடன்படிக்கையின் விலையாயின. ஏறத்தாழப் பத்து வயது அப்துல் காலிக்கையும் எட்டு வயது முயிஸுத்தீனையும் காரன்வாலிஸ் அன்போடு அணைத்து, ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் தந்தாராம். ஆங்கில ஓவியர்கள் அந்த அணைப்பைத் திரும்பத் திரும்பத் தீட்டினர்; பிள்ளைகளைப் பிரிந்த அரண்மனையைத் தீட்ட அவர்களுக்கு நேரமிருக்கவில்லை போலும். சென்னையில் வைக்கப்பட்ட அப்பாலகர்கள் 1794இல்தான் தந்தையிடம் திரும்பினர். திண்டுக்கல்லும் பாராமகாலும் திரும்பவில்லை. அவை கம்பெனியிடமே தங்கிவிட்டன.