பூஜ்யத்திலிருந்து...

போகிக்கு மூணு நாள் முன்னாடி, தி.நகர்ல ஒரு மொட்டைமாடி. சல்பர் டை ஆக்ஸைடு அனலைசரை கேலிபரேட் பண்ணணும். பெட்டியை ஆன் பண்ணி சூடேற விட்டேன். முதல்ல சுத்தக் காத்து கொடுத்து பூஜ்யம் பார்க்கணும், அப்புறம்தான் அளவு தெரிஞ்ச கேஸ். ரெகுலேட்டர்ல ஈரக்காத்து நின்னா கேஸைத் தின்னுடும். நாலஞ்சு தடவை அலசி விடணும்.

சிலிண்டர் சர்டிஃபிகேட்டைப் பார்த்தா... காலாவதி!

"கெட்டுப்போக இதென்ன பாலா சார்?"ன்னார் கூட வந்தவர்.

கெடும்ங்க. உள்ளே 100 பங்கு 90 ஆகியிருந்தா, மெஷின் அந்த 90-ஐயே 100-ன்னு நம்பிடும். போகியன்னிக்கு 72 மைக்ரோகிராம் இருந்தாலும் 80-ன்னு காட்டும். 2009-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்ச 24 மணிநேர வரம்பே 80தான். பழைய பாய் கொளுத்தின புகையோட நம்ம பொய்யும் சேரும்.

புது சிலிண்டர் கேட்டேன். திட்டுதான் முதல்ல வந்துச்சு. சிலிண்டர் போகிக்கு முதல் நாள் வந்துச்சு. மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிச்சேன்.