அந்த 'சி' யாருங்க?

எம்-2-வில் அரியர் வெச்ச ஆளுங்க நான். டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனை மனப்பாடம் பண்ணியும் கடைசியில் '+ சி' போட மறந்துடுவேன். அது எதுக்குன்னே தெரியாது.

ஒருநாள் காந்திபுரம் டவுன் பஸ்ஸில் மொபைலில் ஜியோஜீப்ராவைத் திறந்தேன். 2001-இல் ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது அது. ஸ்லோப் ஃபீல்டில் 'ஒய் × (1 − ஒய்)' கொடுத்ததும் திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கோடுகள். ஒரு புள்ளி வெச்சு இழுத்தா, அது வழியா போற வளைகோடும் கூடவே மாறுது! நாம தொடங்குற இடம்தான் 'சி'யை முடிவு பண்ணுது.

0.1-ல தொடங்கினாலும் 2-ல தொடங்கினாலும் கோடு 1-ஐ நெருங்குது. சரியா 0-ல வெச்சா அசையறதே இல்லை. நானும் அங்கேதான் உக்காந்திருந்தேன்.

அடுத்த அரியருக்கு 0.01-ஆவது நகரணும். நீங்களும் அந்தப் புள்ளியை இழுத்துப் பாருங்க.