கடைசிப் பந்தி

"ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரணும்" என்று ஜெபக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும். எப்படி என்று கேட்டால் அதிகாலை ஜெபம், உபவாசம், வேத வாசிப்பு என்று எல்லாம் தனியாள் கணக்காகவே வரும். இப்போது ஆராதனையையும் கட்டிலில் படுத்தபடி யூடியூபில் பார்த்துவிடலாம். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தை ஒரே மூச்சில் வாசித்தால் இந்தக் கணக்கு இடிக்கும்.

கொரிந்து சபையில் வரங்களுக்குப் பஞ்சமில்லை. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், அறிவு, பேச்சு எல்லாம் உண்டு. பவுலே அதை ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் 3ஆம் அதிகாரத்தில், இன்னும் பால்குடி மாறாத பிள்ளைகள் என்கிறார். பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி என்று பிரிந்து நின்ற பொறாமையும் சண்டையும்தான் அவர் காட்டும் காரணம்.

அதைவிடக் கூர்மையான இடம் 11ஆம் அதிகாரம். கோயில் கட்டடம் இல்லாத காலம்; வசதியுள்ளவர் வீட்டில்தான் சபை கூடும். ரோமர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்வு மஞ்சங்கள், மஞ்சத்துக்கு மூவர். ஆக ஒன்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில். வீட்டுக்காரரின் சேக்காளிகள் நேரத்தோடு வந்து சாய்ந்திருப்பார்கள், அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடிந்து வரும்போது சட்டி காலியாகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான், இதைக் கர்த்தருடைய பந்தி என்று சொல்லாதீர்கள் என்கிற அளவுக்குப் பவுலுக்குக் கோபம். அவர் சொல்லும் பரிகாரம் மிகச் சின்னது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். சபையை ஒரே சரீரமாகவும் நம்மை அதன் அவயவங்களாகவும் காட்டும் 12ஆம் அதிகாரம் இந்தச் சாப்பாட்டுத் தகராறை ஒட்டியே வருகிறது. பந்தியை விட்டுவிட்டு அதை மட்டும் பிரசங்கிப்பது நமக்குச் சௌகரியம்.

பவுலிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பசிக்கிறவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்கிறார். பணக்காரனுக்கு அது சரியான சூடு. வீட்டில் அடுப்பு எரியாதவனுக்கு என்ன பதில்?

நெல்லைச் சீமைச் சபைகளில் பண்டிகை அசனம் என்கிற சபை விருந்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அதிகாரம் புதிதாக இராது. ஓலைப்பாயில் சோறு மலையாகக் குவிந்திருக்கும். பக்கத்தில் அண்டாவில் குழம்பு. முதல் பந்தியில் போதகரான ஐயர்வாள், கமிட்டிக்காரர், வெளியூர் விருந்தாளிகள். கடைசிப் பந்தியில் விறகு தள்ளியவர்களும் பாத்திரம் கழுவியவர்களும். குழம்பில் அப்போது கறித்துண்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரு சபை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அறிய நான் பார்ப்பது அந்தப் பந்தியைத்தான்.

வடக்கன்குளத்தை நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அங்கே கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று. ஜனம் உட்காரும் கூடம் மட்டும் சாதிவாரியாக இரண்டு, நடுவே சுவர். 1910இல் அந்தச் சுவரை இடித்ததும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவருக்கு இரண்டு பக்கமும் முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னவர்கள்தான். ஜெபம் அவர்களைச் சும்மா விட்டதா, அவர்கள் ஜெபத்தைச் சும்மா விட்டார்களா, தெரியவில்லை.

எபேசியர் 4ஆம் அதிகாரமும் வளர்ச்சியைச் சரீரம் முழுவதற்கும் பொதுவில்தான் பேசுகிறது. கை மட்டும் நீளமாக வளர்ந்தால் அதை வளர்ச்சி என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார்.

அசனத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் நடமாட முடியாமல் கிடப்பவர்களுக்குத் தூக்குச்சட்டியில் வாங்கிப் போவார்கள். பவுல் பாதியில் விட்டதற்கு இதுவே பதில் என்பது என் எண்ணம். சிலர் பெரிய குத்துப்போணியே கொண்டு வருவார்கள். "பாத்திரத்துக்கு ஒரு அளவு வைங்கய்யா" என்று கமிட்டியில் வருஷா வருஷம் ஒரு குரல் எழும். நான் எதிர்த்தே பேசிவருகிறேன்.