கில்ட்டுக்கு அளவு

எடின்பரோவில் முதல் கில்ட்டுக்கு அளவெடுத்தபோதுதான் இடுப்பு எதுவென்று தெரிந்தது. கால்சராய் தங்குமிடம் இடுப்பல்ல. கில்ட் தொப்புளையொட்டி நிற்பது. அடுத்தது பிட்டத்தின் அகன்ற சுற்று. வயிற்றை எக்கி அளந்தால் பின்மடிப்புகள் பிளந்து காட்டிக்கொடுக்கும். நீளம் முழங்கால் சில்லின் நடுவரை. இதைத் தானே எடுக்க முடியாது. குனிந்தால் அளவு மாறிவிடும். இன்னொருவர் கை வேண்டும்.

1746ஆம் வருஷச் சட்டம் ஸ்காட்லாந்தில் ஆண்களுக்கு இவ்வுடையைத் தடுத்தது. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. உடலை அரசிடம் ஒப்படைத்தவனுக்கே அவன் உடை. 1782இல்தான் சட்டம் நீங்கியது.

நண்பர் எழுதித் தந்தார்: இடுப்பு 36, நீளம் 24 அங்குலம். ஆயத்தக் கால்சராய்கள் இத்தனை வருஷமும் என்னை 32 என்றே சொல்லிவந்திருக்கின்றன.