மகன் கொடுத்த கம்பும் நான் வாங்கிய கம்பும்

போன வாரம் பென்ஷனர் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக எங்கள் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து முழங்கால் வலியில் முடியும். அன்று அவர் கேட்டது வேறு.

"சார், நீங்க அந்தப் பிளாஸ்டிக் மீனைப் போட்டு இழுப்பீங்களே, அதுக்கு ஒரு ராட் வேணும். பேரன் கேக்கறான். ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள எது நல்லது?"

அரை மணி நேரம் விளக்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது உறைத்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது சேத்தியாத்தோப்பு. அணைக்கட்டுக்குக் கீழே வெள்ளாற்றில்தான் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அப்பா மூங்கில் கழி வெட்டி, நெருப்பில் வாட்டி, கோணலை நிமிர்த்திக் கொடுப்பார். மயிலிறகுத் தண்டில் தக்கை, மண்புழு, ஒரு முள். அவ்வளவுதான் சாமான். விராலும் கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கும். 1978-ல் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்த பிறகு தூண்டிலை மறந்தே போனேன். 2013-ல் போர்மேனாக ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் வீடு கட்டி உட்கார்ந்ததும் பழைய ஆசை திரும்ப வந்தது. அதே வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அங்கே உப்பங்கழியில் கொடுவா இருக்கிறது. விடியற்காலையில் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் பெரியவன் விடுமுறையில் வந்தபோது எனக்காக ஒரு கம்பு கொண்டுவந்தான். கறுப்பாக, வழவழவென்று, விரலில் தூக்கினால் கனமே தெரியாது. கார்பன் ராட். கூடவே ஒரு பெட்டி நிறைய கிராங்க்பெய்ட். விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. அட்டையில் ஒட்டியிருந்த சீட்டை அவன் அம்மா பார்த்து, டாலரை ரூபாயாக்கிச் சொன்னாள். என் ஒரு மாதப் பென்ஷனில் பாதிக்கு மேல்.

கிராங்க்பெய்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: குண்டு மீன் மாதிரி பிளாஸ்டிக்கில் அல்லது லேசான மரத்தில் செய்தது. வாய்க்குக் கீழே கரண்டி போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். வீசிவிட்டு ரீலைச் சுற்றினால், அந்தத் தகடு தண்ணீரை அறுத்துக்கொண்டு போவதால் மீன் கீழே முங்கி, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு வரும். பொதுவாகத் தகடு பெரிதாகவும் நீளமாகவும் இருந்தால் அதிக ஆழம் போகும். வயிற்றில் ஒன்றும் வால் பக்கம் ஒன்றுமாக இரண்டு முள், ஒவ்வொன்றும் மூன்று கொக்கி கொண்டது. இந்தப் பொய்மீன் செய்வதில் பேர்போன ராபாலா கம்பெனியை ஆரம்பித்த லாரி ராபாலா, பின்லாந்தில் ஓர் ஏழை மீனவர். 1936-ல் அவர் முதலில் செய்தது தக்கை மரத்தைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய காகிதத்தை ஒட்டி, போட்டோ நெகடிவை உருக்கிப் பூசியதாம். பணம் இருந்து செய்ததில்லை அது.

அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு நான் பரங்கிப்பேட்டைக்குப் போன முதல் மாதத்தில் ஐந்து கொடுவா கடித்தது. கரைக்கு வந்தது ஒன்று. மற்ற நான்கும் பாதி வழியில் மேலே துள்ளித் தலையை உதறும்; கம்பு லேசாகிவிடும். முள்ளைப் பார்த்தால் செதில்கூட இருக்காது.

என் கைதான் காரணம் என்று முடிவு செய்தேன். வலது தோள்பட்டை ஏற்கெனவே தகராறு. கம்பத்தில் ஏறி இறங்கிய கை, இப்போது ஒரு மீனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பெரியவன் போனில், "அப்பா, ராட் எப்படி இருக்கு?" என்று கேட்பான். "ஓஹோன்னு இருக்குடா" என்பேன். சில நாள் வண்டியை எடுக்காமலே படுத்திருந்தேன். "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று வீட்டில் கேட்டதற்கும் மழுப்பினேன்.

ஒரு நாள் பக்கத்தில் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த பையன், நான் இன்னொரு மீனைக் கோட்டை விட்டதைப் பார்த்துவிட்டான். "ஐயா, கம்பு வளையவே மாட்டேங்குதே. மீனு தலைய ஒதறுனா முள்ளு கழண்டுக்காதா?" என்றான்.

அப்பாவின் மூங்கில் கழி நினைவுக்கு வந்தது. ஒரு சின்ன கெண்டைக்கே அது பாதிவரை வளையும். "கம்பு மீனோட போயிட்டு மீனோட வரணும்டா" என்பார்.

விஷயம் இதுதான். கொடுவா கவ்விக் கடிக்கிற மீன் இல்லை. வாயை டப்பென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். விறைப்பான கம்பில் அந்த அதிர்ச்சி உடனே கைக்கு வருகிறது, கையும் உடனே வெட்டி இழுக்கிறது. பொய்மீன் இன்னும் வாய்க்குள் முழுசாகப் போகவில்லை. முள் உதட்டு ஓரத்தில் மட்டும் ஏறுகிறது. மூன்று கொக்கி முள் சின்னது, ஒற்றை முள் போல ஆழமாகப் பாயாது. பிறகு மீன் தலையை உதறும்போது கம்பு விட்டுக் கொடுக்காததால் முள் சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறது. வளையும் கம்பு அரை நொடி தாமதிக்கும். அந்த நேரத்தில் மீன் இரையை உள்ளே வாங்கித் திரும்பிவிடும். அதற்கப்புறம் மீன் என்ன குதித்தாலும் கம்பு கூடவே வளைந்து நிமிர்ந்து நரம்பைத் தளரவிடாமல் வைத்திருக்கும்.

மூங்கிலுக்குப் பிறகு ஃபைபர்கிளாஸ் கம்புகள் வந்தன. 1970-களில் கார்பன் வந்தது. கார்பன் லேசு, தண்ணீருக்கடியில் ஒரு கூழாங்கல் தட்டினாலும் சொல்லிவிடும். ஆனால் கிராங்க்பெய்ட்டுக்கு இன்றைக்கும் ஃபைபர்கிளாஸையே தேடி வாங்குகிறவர்கள் அமெரிக்காவிலேயே நிறைய இருக்கிறார்கள். அதன் விலையும் பெரும்பாலும் குறைவு. நல்ல பொருள் என்றால் விலை அதிகம் என்று நாம் நினைக்கிறோம். இந்த ஒரு வேலைக்கு அது பொருந்தவில்லை.

கார்பனில் இன்னொரு விஷயமும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு காலையில் கரைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் கம்பைச் செங்குத்தாகப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தால் மேலே 11 கே.வி. லைன், தொய்வாக. முப்பத்தைந்து வருஷம் அந்த லைனோடு வாழ்ந்தவன் நான். ஹெல்பர்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அப்படியே உட்கார்ந்து கம்பைத் தரையில் வைத்தேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. லைனில் எர்த் போட நாங்கள் கொண்டுபோகும் கம்பின் பிடி ஃபைபர்கிளாஸ்தான், காய்ந்திருந்தால் கடத்தாது. அதற்காக ஃபைபர்கிளாஸ் தூண்டிலோடு லைனுக்குக் கீழே போகலாம் என்று அர்த்தமில்லை. உப்புத் தண்ணீரில் நனைந்த எதையும் நம்பக் கூடாது. எந்தக் கம்பானாலும் லைன் இருக்கும் இடத்தில் மடக்கிப் படுக்கை வசமாக எடுத்துப் போங்கள்.

மாத்திரைச் செலவு போக மிச்சம் பிடித்த இரண்டாயிரத்தோடு கடலூர் முதுநகரில் ஒரு கடைக்குப் போனேன். நண்பருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், பிடிக்கு மேலே கம்பில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எத்தனை கிராம் பொய்மீன் தாங்கும் என்று அதில் இருக்கும். என் கிராங்க்பெய்ட்டுகளை நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொண்டு போயிருந்தேன். பத்து முதல் பதினான்கு கிராம் வந்தது. 7 முதல் 21 கிராம் என்று எழுதிய கம்பு அதற்குச் சரி. நம் எடை நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் அல்ல. அதோடு பவர் 'மீடியம்', ஆக்‌ஷன் 'மாடரேட்' என்று இருந்தால் நல்லது. 'ஃபாஸ்ட்' என்று இருந்தால் இந்த வேலைக்கு வேண்டாம்.

எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். கடைப் பையனிடம் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் பிடியை மெதுவாக உயர்த்துங்கள். வளைவு நுனியில் ஆரம்பித்துப் பாதிக்கும் கீழே வர வேண்டும். மேல் கால்வாசி மட்டும் வளைந்து மிச்சம் தடிபோல நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். ரொம்பவும் மடக்கிப் பார்த்து உடைத்துவிடாதீர்கள். அப்புறம் அதையே வாங்க வேண்டியதுதான்.

ஆன்டெனா மாதிரி இழுத்து நீட்டுகிற கம்பு மலிவாகக் கிடைக்கும், பைக்குள் அடங்கும். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் வளைவு தடைபடும், மணல் புகுந்தால் சிக்கும். ஏழடியில் இரண்டு துண்டாக வருவது நமக்குப் போதும். மூன்றரை அடியாக வண்டியில் கட்டிவிடலாம்.

நரம்பு போகும் வளையங்களை ஒவ்வொன்றாகக் காது குடையும் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு இழை மாட்டும். அந்தக் கீறல் நரம்பை அறுத்துவிடும். நான் பார்த்த இரண்டு கம்புகளில் இப்படி மாட்டியது. கடைக்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

கடைசியாக ரீலை மாட்டி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். நுனி படாரென்று தாழ்ந்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். உள்ளே குழல் இல்லாத கெட்டி ஃபைபர்கிளாஸ் மிக மலிவு, ஆனால் இரும்புபோல கனக்கும். நம் வயதுக்குக் குழல் கம்புதான் ஏற்றது.

எனக்குப் படிந்தது 1,650 ரூபாய். பளபளப்பு இல்லை, பச்சை நிறம், பிடியில் மட்டமான ஸ்பாஞ்சு. மிச்சப் பணத்துக்கு நைலான் நரம்பு வாங்கினேன். பின்னல் நூல் நீளவே நீளாது. நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதுவும் இந்த முள்ளுக்கு நல்லது.

மறு வாரமே ஒரு கொடுவா. துள்ளியது, உதறியது, கம்பு வில்லாக வளைந்தது, என் தோளுக்கு வேலையே வைக்கவில்லை. கரையேற்றியபோது இரண்டு முள்ளும் வாயின் உள்ளே ஏறியிருந்தது. மூன்று கிலோ இருக்கும். அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போலச் சிரித்தேன். கை போய்விடவில்லை!

அப்புறம் செய்ததுதான் தப்பு. வீட்டுக்கு வந்ததும் மீனுக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கம்பை வைத்துப் படம் எடுத்துப் பெரியவனுக்கு அனுப்பினேன். அவன் அதை ஆபீசில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். அடுத்தடுத்த மீனுக்கும் அதே நாடகம். "மனசாட்சியே இல்லையா உங்களுக்கு?" என்று வீட்டில் கேட்டாள். அவன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை உதவாது என்று எப்படிச் சொல்வது?

அடுத்த விடுமுறையில் அவனும் என்னோடு விடியற்காலையில் கிளம்பினான். வண்டியில் கட்டியிருந்த பச்சைக் கம்பைப் பார்த்தான். "உங்க ராட் எங்கப்பா?" என்றான். பரணில் என்றேன். பரங்கிப்பேட்டை போகும்வரை இருவரும் பேசவில்லை.

கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. "கை போயிடுச்சுன்னு நெனச்சீங்களா? அதையாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். பிறகு அவனே, "கடையில என்ன மீனு, என்ன லூர்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. இருக்கறதுலயே நல்லது குடுங்கன்னேன். உங்களுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும்" என்றான்.

1978-ல் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு டெரிலின் சட்டை வாங்கிக் கொடுத்தேன். அவர் போடவே இல்லை. எனக்கு வருத்தம். வேர்க்கிறது என்று சொல்ல அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நானும் அவரைக் கேட்டுக்கொண்டு வாங்கவில்லை.

அன்று பச்சைக் கம்பைப் பெரியவனிடம் கொடுத்தேன். ஒன்றும் கடிக்கவில்லை, ஆனால் வெயில் ஏறும்வரை வீசிக்கொண்டே இருந்தான். கார்பன் கம்பும் இப்போது பரணில் இல்லை. ஒற்றை முள் வைத்த ரப்பர் இறாலுக்கு அந்த விறைப்புதான் வேண்டும்; அதற்கு அதுபோல வராது. இப்போது எடுக்கும் படங்களில் எந்தக் கம்பில் பிடித்ததோ அதுதான் இருக்கிறது.

நண்பருக்குச் சொல்லாமல் விட்டது இதுதான்: சார், ராட் வாங்கப் போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நுனியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், பிடியை அவன் தூக்கிப் பார்க்கட்டும்.