அப்பா கல்லறையருகே நின்ற பூவரசு

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒரே பகலில் மொட்டையடிக்கச் சொன்னவன் நான்தான். நல்ல காரியம் செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அந்த நினைப்பே என் தவறின் வேர் என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சீமைக்கருவேல மரங்களை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்தில் கடலுக்கும் தேரிக்காட்டுக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரிலும் அதே பேச்சாக இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அப்பா இறந்துபோனார். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அப்பாவுக்கு நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றப்போகும் முதல் திருநாள். அவருடைய சிலுவை கருவேலப் புதருக்குள் நிற்பதைப் பார்க்கப் பார்க்க, மகனாக நான் ஏதோ குறை வைத்துவிட்டதுபோல் இருந்தது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து, "ஒரு முள்ளு இல்லாம சுத்தம் பண்ணிருவோம், செலவுல பாதி என்னது" என்றேன். யாரும் மறுக்கவில்லை.

அக்டோபர் கடைசி வாரத்தில் ஜேசிபி வந்தது. குழி வெட்டும் அண்ணாச்சி மட்டும் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். நாற்பது வருஷமாக அந்த மண்ணைத் தோண்டி வருகிறவர்.

"தம்பி, கருவேலத்த எடுங்க, வேண்டாங்கல. அந்தப் பூவரச மட்டும் விட்டுருங்க. பொந்துல ஆந்த ரெண்டு குடியிருக்கு."

"கல்லறையில ஆந்தை எதுக்கு அண்ணாச்சி? ஏற்கெனவே சனங்க பயப்படுதாங்க" என்றேன்.

பூவரசு அப்பா கல்லறையிலிருந்து பத்தடி தள்ளி நின்றது. அடிமரத்தில் பாதி உளுத்துப்போன கிழட்டு மரம். அது விழுந்தபோது உள்ளே இருந்த மக்கிய தூள், காபிப்பொடி கொட்டியதுபோல் மண்ணில் சிதறியது. கருவேலத்தோடு உடை மரங்கள், சங்கஞ்செடி, பிரண்டை படர்ந்த வேலி, எருக்கு எல்லாம் போயின. மாலையில் சுற்றுச்சுவர் மேல் இரண்டு புள்ளி ஆந்தைகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. மைனா அளவுதான் இருக்கும். மஞ்சள் கண்களை விரித்து, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி, மரம் நின்ற வெற்றிடத்தையே பார்த்தன. மறுநாளும் வந்தன. மூன்றாம் நாள் வரவில்லை.

திருநாளன்று சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாகத் தோட்டம் பளிச்சென்று இருந்தது. "பார்க் மாதிரி ஆக்கிட்டியே" என்று பலரும் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த மாதக் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கன்னியாகுமரி பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்களுக்கு வந்தது மழை மட்டுமே. ஆனால் அந்த மழைக்கே வெறும் செம்மணல் தாங்கவில்லை. வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு போனது. நான் போய்ப் பார்த்தபோது அப்பாவின் கல்லறை ஒருபக்கம் ஒரு சாண் இறங்கி, சிலுவை சாய்ந்து நின்றது. அண்ணாச்சி கடப்பாரையோடு குனிந்திருந்தார். என்னைப் பார்த்து அவர் கோபப்படவில்லை.

"வேரு புடிச்சிருந்த மண்ணுல்லா தம்பி. வேரப் புடுங்கிட்டு மண்ண நில்லுன்னா நிக்குமா?"

நான் ஒன்றும் சொல்லாமல் சிலுவையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது பழக்கமாயிற்று. முதலில் திரும்பி வந்தது எதை ஒழிக்க நினைத்தேனோ அதே சீமைக்கருவேலம்தான். தூர் மண்ணுக்குள் இருந்தால் அது மறுபடி துளிர்க்கும். மற்றவை உடனே திரும்பவில்லை. மெதுவாக, மழைக்கு மழை, தும்பையும் நெருஞ்சியும் தலைகாட்டின. எருக்கு வந்தது. கூடவே அதன் இலையில் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் வந்தது.

மூன்றாம் வருஷம் அப்பாவின் கால்மாட்டில் ஆடுதீண்டாப்பாளை படர்ந்திருந்தது. களை என்று பிடுங்கக் கை நீட்டியவன் நின்றேன். இலையடியில் ஒரு புழு. கருஞ்சிவப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, முள்போல் தெரிந்தாலும் மெத்தென்ற சதைக் கொம்புகள். இலை விளிம்பை வளைத்து வளைத்துத் தின்றுகொண்டிருந்தது. ரோஜா அழகியின் புழு அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தச் செடியின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால், சிறகு முளைத்த பின்னும் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. ஆடு தீண்டாத செடியை நம்பி ஓர் உயிர். நான் பிடுங்கியிருந்தால் அதற்கு அங்கே வேறு இலை இருந்திருக்காது.

ஏன் கல்லறையில் மட்டும் இவ்வளவு உயிர் என்று யோசித்தேன். ஊரில் மற்ற நிலமெல்லாம் உழப்பட்டது, உரம் கண்டது, மனையாக விற்கப்பட்டது. இறந்தவர்கள் படுத்திருக்கும் மண்ணை மட்டும் யாரும் ஏர் கட்டித் தொடவில்லை. பழைய தேரிக்காட்டின் கடைசித் துண்டு எங்கள் தாத்தன் பாட்டிகளின் காவலில் இருந்திருக்கிறது.

அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் புத்தகம் பின்னர் கைக்குக் கிடைத்தது. 1949-இல், அவர் இறந்த மறுவருடம் வெளியானது. விஸ்கான்சினில் ஒரு நாட்டுப்புறக் கல்லறையின் வேலி மூலையில், அரிவாள் எட்டாத இடத்தில், பழைய புல்வெளிக்குரிய சில்பியம் என்ற செடி பிழைத்திருந்ததையும், சாலைப் பணியாளர்கள் வேலியை எடுத்து அதை வெட்டிவிட்டதையும் எழுதியிருக்கிறார். படித்துக்கொண்டே வந்தவன் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் வெட்டப்பட்டதைப் பார்த்தவர். நான் வெட்டச் சொன்னவன்.

சுத்தம் செய்வதுதான் இறந்தவர்களுக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். உண்மையில், அப்பாவை அப்படியே விட்டுவிட்டேன் என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற என் பயத்தைத்தான் ஜேசிபி வைத்துத் துடைத்திருக்கிறேன். அப்பா உயிரோடு இருந்தபோது வீட்டு முற்றத்து முடக்கத்தான் கொடியைக்கூட வெட்டவிட மாட்டார்.

இப்போது பேரவையில் வேறு முறை வைத்திருக்கிறோம். இயந்திரமும் களைக்கொல்லியும் உள்ளே வரக்கூடாது. சீமைக்கருவேலக் கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு கையால் பிடுங்கிவிடுகிறோம். திருநாளுக்கு முன் நடைபாதையையும் கல்லறை மேற்பரப்பையும் மட்டும் அரிவாளால் சீர்செய்கிறோம். சுவரோரம் பத்தடி அகலத்துக்கு யாரும் கை வைப்பதில்லை. கௌதாரி கூப்பிடுகிறது. ஒரு கீரிக் குடும்பம் இருக்கிறது.

ஆந்தைகள் வரவில்லை. பூவரசு நின்ற இடத்தில் அண்ணாச்சியும் நானும் ஒரு போத்து நட்டோம். இன்று என் முழங்கை கனம் ஆகியிருக்கிறது. அது முதிர்ந்து, உளுத்து, ஆந்தை குடியேறும் பொந்து விழ இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில், அதன் வேருக்குக் கீழே இருப்பேன்.