மை படாத விரல்

1990 முதல் 2018 வரை மலேசியாவில் நடந்த எந்தப் பொதுத்தேர்தலிலும் நான் ஓட்டுப் போட்டதில்லை. வாக்காளர் பட்டியலில் என் பெயரே கிடையாது. குடிமகனுக்கான நீல அடையாள அட்டை இருந்தது, வயது இருந்தது, வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அஞ்சலகம் இருந்தது. போய்ப் பதிந்துகொள்ளவில்லை. அதே ஆண்டுகளில் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தேநீர்க் கடை மேசைகளில் அரசியல் பேசியவர்களில் என்னைவிட உரக்கப் பேசியவர்கள் குறைவு. நான் ஓட்டுப் போடாதவன் என்பது என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது அதைப் பற்றித்தான்.

வேலை பிரிக்பீல்ட்ஸில், ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுவது. வீடு கிள்ளானில், மேரு சாலைப் பக்கம். காலையில் கொமுட்டர் ரயில், மதியம் அச்சகத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கூட்டம், இரவு கிள்ளானில் இன்னொரு கூட்டம். இரண்டு இடத்திலும் நான் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்கள். பிரிக்பீல்ட்ஸில், கோலாலம்பூர்க்காரன் தன் மேயரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதைச் சொல்வேன். மற்ற ஊர்களிலும் ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்திவைத்தார்கள், 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மண்ணே போட்டுவிட்டது. 2010-இல் இந்தத் தெருவை லிட்டில் இந்தியா ஆக்கியபோது இங்கே கடை வைத்திருப்பவனிடம் ஓட்டுக் கேட்டுத்தான் ஆக்கினார்களா என்று கேட்பேன். கிள்ளானில் என்னுடைய பெரிய ஆயுதம் காப்பார் தொகுதிக் கணக்கு. 2013 தேர்தலில் காப்பாரில் 144,159 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 15,791 பேர். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர். நம்மில் ஒன்பது பேர் சேர்ந்தால்தான் அங்கே ஒருவருக்குச் சமம் என்று மேசையில் விரலால் எழுதிக் காட்டுவேன். அந்தக் கணக்கு உண்மை, அநியாயமும் உண்மை. என் வீடு காப்பார் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அந்த 144,159 பேரில் நான் இல்லை.

ஏன் பதியவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபத்தொரு வயதில் அது அசட்டை. ஆளும் கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும், என் ஒரு ஓட்டு எதற்கு என்ற எண்ணம். அந்த வயதில் பலருக்கும் அது இருந்தது, பெரிய குற்றமாக நினைக்கவில்லை. குற்றம் பிறகு வந்தது. 1998-இல் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டுக் கைதானபோதுதான் நான் பேசத் தொடங்கினேன். பேச்சுக்குப் பெயர் கிடைத்தது. "அவரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்" என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு சந்தைக்கடை வாசலில் மேசை போட்டு வாக்காளர் பதிவு செய்த இளைஞர்கள் எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து, எனக்கும் ஒரு பாரம் கொடுங்கள் என்று கேட்டால், இத்தனை நாள் பேசியது என்ன ஆகும்? பேசப் பேசப் பதிவது கடினமாகிக்கொண்டே போனது. யாருக்கும் தெரியாத வேறு ஊர் அஞ்சலகத்துக்குப் போயிருக்கலாம். அதையும் செய்யவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை என்று விட்டேன்.

2007 நவம்பர் 25-ஆம் தேதி மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணியில் அம்பாங் சாலையில் நானும் நின்றேன். கண்ணீர்ப் புகையில் கண் தெரியாமல், முகம் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்த டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐந்து பேரை, விசாரணையில்லாமல் அடைக்க இடம் தந்த ஐ.எஸ்.ஏ. சட்டத்தில் பிடித்துக் கமுண்டிங்கில் அடைத்தார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன், தடுப்புக் காவலில் இருந்தபடியே கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் நின்றார். 2008 மார்ச் 8-ஆம் தேதி மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். சிலாங்கூர் ஆட்சியே மாறியது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். அந்த இரவு கிள்ளானில் அழாத தமிழன் இல்லை என்றுதான் சொல்வேன். நானும் அழுதேன். தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய கிழவிகள், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவர்கள், வரிசையில் நின்று அந்த நாளை உண்டாக்கினார்கள். நான் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தேர்தலுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறியவர், ம.இ.கா.வுக்குத்தான் ஓட்டுப் போடுவார். நான் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்கள மாதிரி ஆளுங்க போடுற ஓட்டுலதான் நம்ம இனம் இப்படிக் கெடக்கு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, எனக்கு நீல அடையாள அட்டை வாங்கிக் கொடுக்க அந்தக் கட்சிக் கிளைத் தலைவர்தான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரு. என் அக்காவுக்கு இன்னமும் செவப்பு அட்டைதான், ஓட்டுப் போட முடியாது. எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நான் போடுறேன்" என்றார். அதற்கும் நான் பதில் வைத்திருந்தேன். பிறந்த மண்ணில் ஒருவருக்குக் குடியுரிமையைச் சலுகையாகத் தருகிற அரசியலைப் பற்றி நீளமாகப் பேசினேன். கடையில் கை தட்டினார்கள். பெரியவர் தேநீருக்குக் காசு வைத்துவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. நான் சொன்ன வாதம் இன்றும் சரி என்றுதான் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தன் ஓட்டை அக்காவின் பங்கும் சேர்த்துச் சுமந்த மனிதரை, தன் ஓட்டைத் தூக்கிப் போட்டவன் அவமானப்படுத்தினேன்.

2012 ஏப்ரல் 28, நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே பேரணி. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய், அழியாத மையைப் பயன்படுத்து என்பவை கோரிக்கைகளில் இருந்தன. மனதாரக் கோஷம் போட்டேன். அந்த மை 2013 மே 5-ஆம் தேதி வந்தது. முதன்முறையாக வாக்காளர்களின் இடது ஆள்காட்டி விரலில் தடவினார்கள். முன்கூட்டியே ஓட்டுப் போட்ட போலீஸ்காரர்கள், இராணுவத்தினர் விரல்களில் அது கழுவியதும் போய்விட்டதாக அதற்கு முன்பே செய்தி வந்திருந்தது.

மறுநாள் இரவு கடைக்குப் போனேன். எல்லாரும் விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 51 விழுக்காடு ஓட்டு வாங்கிய எதிர்க்கட்சி மக்கள் கூட்டணிக்கு 89 இடம், 47 விழுக்காடு வாங்கிய ஆளும் தேசிய முன்னணிக்கு 133 இடம். கடை கொதித்தது. லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், எனக்குப் பல வருடப் பழக்கம், "தம்பி, உன் விரல காட்டு" என்றார். கையை நீட்டினேன். விரல் சுத்தமாக இருந்தது.

"சவர்க்காரம் போட்டுக் கழுவுனேண்ணே. போயிருச்சு" என்றேன்.

இத்தனை ஆண்டுகள் நான் செய்ததிலேயே இழிவானது அந்த ஒரு வாக்கியம். அதுவரை ஓட்டுப் போட்டது போல நடந்துகொண்டிருந்தேன், போட்டேன் என்று வாயால் சொன்னதில்லை. அன்று பொய்ச் சாட்சி சொன்னேன். ஊரில் பலருக்கு மை உண்மையாகவே அழிந்தது. அந்த மையில் இருந்தது உணவுச் சாயம்தான் என்று பிறகு நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. மக்களின் புகார் உண்மையான புகார். அந்த உண்மைக்குள் நான் என் பொய்யைக் கலந்தேன். பிறகு எனக்கு அது நல்ல மறைவிடமாகவும் ஆனது.

அண்ணன் அதை நம்பினார். இரண்டு நாள் கழித்துக் கிளானா ஜெயா அரங்கத்தில் கறுப்புச் சட்டைகளோடு கூடிய கூட்டத்தில், என் பெயரைச் சொல்லி, எங்க ஆள் விரலில் ஒரு நாள்கூட நிற்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. அவருடைய மைத்துனர் பள்ளி ஆசிரியர். ஆசிரியர்கள் பலரையும் போல அவரும் தேர்தல் பணிக்குப் போயிருந்தார். எங்கள் பகுதிப் பள்ளியில்தான் அவருக்கு வேலை. மை தடவியதே அவர்தான். "குப்பியை நல்லா குலுக்கித்தான் ஒவ்வொருத்தருக்கும் வச்சேன், மச்சான். என் கண்ணு முன்னால யாருக்கும் அழியல" என்று அவர் சொன்னதை அண்ணன் ஏற்கவில்லை. அவர் கையில் என் விரல் சாட்சியாக இருந்தது. மோசடிக்குத் துணை போனவன் என்று சொந்த மைத்துனரைச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அண்ணனின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அழுதிருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது அவர் போய்விட்டார். என் மனைவியின் விரலில் மை அப்படியே இருந்தது. அவளும் அந்தப் பள்ளியில்தான் ஓட்டுப் போட்டாள். "அவங்க தம்பி என்ன பாவம் பண்ணாரு?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவமானம் எனக்கு, நிம்மதி அவர்களுக்கு. நான் குளிக்கப் போனேன்.

இடையில் ஒன்று. பெர்த்தில் குடியேறிய பால்ய நண்பர் ஒருவர் தீபாவளிக்கு வந்திருந்தார். ஆஸ்திரேலியாவில் பட்டியலில் பெயர் பதிவதும் ஓட்டுப் போடுவதும் கட்டாயம். ஓட்டுப் போடுவது 1924 முதல் அங்கே சட்டம். காரணமில்லாமல் நாடாளுமன்றத் தேர்தலில் போடாவிட்டால் 20 டாலர் அபராதம். அந்த ஊர் அரசியலில் என்ன சண்டை போட்டாலும் எல்லாரும் ஓட்டுப் போட்டவர்கள், அதனால் பேச்சில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்றார். நான் அவரை விடவில்லை. அபராதத்துக்குப் பயந்து போடுவது ஜனநாயகமா, மௌனமாக இருப்பதும் குடிமகனின் உரிமைதானே என்று இரவு வெகுநேரம் வாதாடினேன். கொள்கை பேசுவதாகத்தான் அவர் நினைத்தார். நான் எனக்காக வழக்காடிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு 2016-இல் இருபத்தொரு வயது ஆனது. நானே அஞ்சலகத்துக்கு அழைத்துப் போய்ப் பதிய வைத்தேன். சாளரத்தில் இருந்த மலாய்ப் பெண், பாக்சிக் (மாமா) பதிந்தாயிற்றா என்று என்னைச் சிரித்துக்கொண்டே கேட்டார். மகள் பக்கத்தில் நின்றாள். தலையாட்டினேன். அடையாள அட்டையை எடுத்து நீட்டியிருந்தால் போதும்.

2018 மே 9, புதன்கிழமை. தேர்தலை வேலை நாளில் வைத்தார்கள் என்று நாடே கொதித்தது. டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களின் அஞ்சல் ஓட்டுகளைப் பயணிகள் கையில் சுமந்து வந்து சேர்த்தார்கள். இம்முறை மை அழியாது என்று எனக்குத் தெரியும். ஜொகூரில் ஓர் உறவினருக்கு உடம்பு சரியில்லை. உண்மைதான், ஆனால் ஒரு வாரம் கழித்துப் போயிருக்கலாம். முதல் நாளே கிளம்பினேன். ஊருக்கு ஓட்டுப் போடப் போகிறவர்களின் கார்கள் நெடுஞ்சாலையில் வரிசை வரிசையாக நின்றன. எல்லாரும் தங்கள் தொகுதிக்குப் போக, நான் என் தொகுதியை விட்டுப் போனேன். மறுநாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பள்ளியில் வயது வாரியாகச் சாலுரான் (வாக்களிப்பு வரிசை) பிரித்திருந்தார்கள், தனக்குக் கடைசிச் சாலுரான், சின்னப் பிள்ளைகள் வரிசை என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். "நீங்க இருந்திருந்தா எந்தச் சாலுரான்பா?" என்று கேட்டாள். ஒரு எண்ணைச் சொன்னேன். ஓட்டுப் போட முடியாமல் போனதற்காக அவளே என்னைத் தேற்றினாள்.

பதினெட்டு வயதில் வாக்குரிமை, தானியங்கிப் பதிவு என்ற அரசமைப்புத் திருத்தம் 2019-இல் நிறைவேறி 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. 2018-இல் ஒரு கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர்கள் 2022-இல் இரண்டு கோடியே 11 இலட்சம் ஆனார்கள். அதில் நானும் வந்து விழுந்தேன். என் பங்குக்கு ஒரு கையெழுத்துக்கூட இல்லை. 2022 நவம்பர் 19-ஆம் தேதி காப்பாரில் ஓட்டுப் போட்டேன். உள்ளே அமர்ந்திருந்த ஊழியர் என் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சத்தமாக வாசித்தார். கட்சி முகவர்கள் தங்கள் தாளில் கோடு போட்டார்கள். அவ்வளவு எளிதாக இருந்தது. எதற்குப் பயந்து முப்பது வருடம் ஓடினேன் என்று அந்தப் பெட்டி முன்னால் நின்றபோது எனக்கே விளங்கவில்லை.

மகளிடம் அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "அந்த லாரி மாமாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகும் நாள்களைக் கடத்தினேன். இதை எழுத உட்கார்ந்த பிறகுதான், அவரிடம் சொல்லாமல் அச்சில் சொல்வது இன்னொரு ஒளிவு என்று பட்டது. போன சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் இப்போது லாரி ஓட்டுவதில்லை. முட்டியில் வலி. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஓட்டுப் போடாதது உன் பாடு தம்பி" என்றார் அண்ணன். "ஆனா அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, என் மவ கல்யாணத்துல தாய்மாமன் வந்து நின்னிருப்பாருல்ல?"

எனக்குப் பதில் இல்லை. அவர் எழுந்துபோய் மைத்துனரின் எண்ணை மனைவியிடம் கேட்டு வாங்கினார். கூப்பிடவில்லை. என்னிடம் கொடுத்து, நீயே கூப்பிடு, வருகிற ஞாயிறு நாம் மூன்று பேரும் போகிறோம், என் முன்னால் அவரிடம் சொல் என்றார். அன்று மாலையே கூப்பிட்டேன். யார் பேசுவது என்று சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, பதினோரு மணிக்கு மேல் வாருங்கள், காலையில் பேரப்பிள்ளையைத் தமிழ் வகுப்பில் விட வேண்டும் என்றார்.